நாலாம் சந்துக்கு வந்த சத்தம்

எங்கள் நாலாம் சந்தில் கனிஷ்காவின் இதயம் கேட்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு. மாதம் ஒருமுறை மின்வாரியக்காரர்கள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாள் அது. அன்றைக்கு மட்டும் கரண்ட் இருந்திருந்தால், சந்தின் இரண்டு பக்கமும் வீட்டுக்கு நாலும் ஐந்துமாக ஓடும் நூற்றுப் பதினாறு தறிகளின் இரைச்சலில் அது வந்து சேர்ந்ததே எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். காவிரிக் கரையில் பள்ளிபாளையத்துக்குத் தெற்கே இருக்கிற இந்தச் சந்தில் நாங்கள் பிறந்ததிலிருந்து கத்தித்தான் பேசுகிறோம், வெளியூரில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து ரசம் கேட்டால்கூட சண்டைக்கு வந்தவர்களைப் பார்ப்பதாகப் பார்க்கிறார்கள், அப்படிப்பட்ட எங்களுக்கு அன்றைய அமைதியில் தடக் தடக் என்று ஒரு சின்னச் சத்தம் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் ஒரே அளவாகக் கேட்டது.

டிரான்ஸ்பார்மராக இருக்கும் என்று லைன்மேனைக் கூட்டிவந்து காட்டினோம், அவர் கம்பத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு இது எங்கள் இலாகா இல்லை என்றார். தறி மேஸ்திரி மாரப்பன், எந்தத் தறியில் எந்த ஆணி கழன்றிருக்கிறது என்பதைத் தெருமுனையில் டீ குடித்தபடியே சொல்லிவிடுகிறவர், சுவரோடு கன்னத்தைச் சேர்த்துக் கண்ணை மூடி எண்ணினார். நிமிடத்துக்கு நூற்றுப் பத்து, தறி ஓடுகிற வேகம்தான், ஆனால் தறி இல்லை என்றார். பன்னிரண்டு மணிக்குச் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து கனிஷ்காவின் அம்மா கலாமணியின் போன் வந்தது. மகளின் இதயத்தை நிறுத்தி வைத்து, ஓட்டையை அடைத்து, குறுகலாக இருந்த வழியை அகலமாக்கி, பதினொன்று இருபதுக்கு மறுபடி ஓட விட்டுவிட்டார்களாம், டாக்டரே வெளியே வந்து சொன்னாராம் என்று அழுதுகொண்டே சொன்னாள். மாரப்பன் சுவரிலிருந்து கன்னத்தை எடுத்து, அப்படியானால் இது அதுதான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கனிஷ்கா, தறி ஓட்டும் சென்னியப்பனுக்கும் கலாமணிக்கும் ஒரே பிள்ளை. பிறந்தபோதே உதடும் நகமும் நீலம். நாலெட்டு நடந்தால் மூச்சு வாங்கிக் குந்திக்கொள்வாள், குந்தினால் கொஞ்சம் தெளியும், எழுந்து இன்னும் நாலெட்டு நடப்பாள். சந்துப் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள், அவள் குந்தினால் எல்லாரும் குந்த வேண்டும், கடைசியில் குந்துகிறவர் அவுட். அவளுக்கு ஐந்து வயதில் ஆப்பரேஷன் நடக்கும்வரை எங்கள் சந்தில் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்தே முழுத் தெருவையும் நடந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த கலாமணியைப் பிள்ளையைப் பார்க்க ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் விட்டார்கள், ஆகவே அவள் மணிக்கொரு தடவை எங்களுக்குப் போன் போட்டுக் கேக்குதா என்பாள், கேக்குது என்போம், போனைச் சுவரோடு வைத்துக் காட்டினால் அவளுக்கும் கேட்கும். பக்கத்து நாற்காலியில் மண்டபம் என்ற கடலோர ஊரிலிருந்து வந்த ஸ்டெல்லா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் ரோஸ்லினுக்கும் அதே வயது, அதே வியாதி, அதே நாளில் ஆப்பரேஷன். ரோஸ்லினின் இதயம் எந்தத் தெருவிலும் கேட்கவில்லை. அதனால் ஸ்டெல்லா நர்ஸின் பின்னாலேயே சுற்றி, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணக் கற்றுக்கொண்டாள். கொடுத்து வைத்தவள் கலாமணிதான் என்று அப்போது எல்லாரும் நினைத்தோம்.

உதடு சிவந்து, நெஞ்சின் நடுவே நேர்க்கோடாக ஒரு தழும்போடு கனிஷ்கா வீடு வந்தாள். அவள் மார்பில் காதை வைத்தால் ஒன்றும் கேட்காது, கையில் நாடியும் தட்டுப்படாது, உள்ளே இருந்த சத்தமெல்லாம் சந்துக்குக் குடிவந்துவிட்டது. அவள் பள்ளிக்கூடம் போனாலும் ஈரோட்டுக்கு மாமா வீடு போனாலும் சத்தம் இங்கேதான் இருந்தது. அதனால் அவள் எங்கே என்ன செய்கிறாள் என்பது எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. சத்தம் ஓட்டமெடுத்தால் பள்ளியில் விளையாட்டுப் பீரியடு, தாவித் தாவி அடித்தால் நாய் துரத்துகிறது, திடீரென்று எகிறினால் யார் வீட்டிலோ முறுக்கு டப்பாவில் கை விட்டிருக்கிறாள். திருட்டு முறுக்கு ஒருநாளும் அவளுக்குச் செரித்ததில்லை பாவம், எட்டு வீட்டிலிருந்து எட்டுப் பேர் ஒரே நேரத்தில் எட்டிப் பார்ப்பார்கள்.

எப்படிப் பழகினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. குழந்தைகள் தூளி ஆட்டாமலே தூங்கின. புருஷன் பெண்டாட்டி சண்டையில் கையை ஓங்குகிறவர்கள் சத்தம் அதிர்ந்துவிடுமோ என்று கையை இறக்கினார்கள். மாரியம்மன் நோன்பி வந்தால் மேளக்காரர்களை அடுத்த சந்தில் நிறுத்தி அடிக்கச் சொன்னோம். பரீட்சை நாளில் கனிஷ்கா கணக்குத் தாளைப் பார்த்த நிமிடம் சந்தில் இருந்த அத்தனை பேரும் விரல் விட்டுக் கணக்குப் போட்டோம். அவள் தூங்கினால் நாங்களும் கொட்டாவி விட்டோம். வீட்டுக்கு வீடு சுவர்க் கடிகாரம் நின்றுபோனது, பேட்டரி வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

தறிகளைச் சத்தத்தோடு சேர்த்துவிட்டது மாரப்பன் செய்த வேலை. இந்தத் தாளத்தோடு, ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா போய்வந்தால் நூல் அறுவதில்லை என்று தன் தறியில் கண்டுபிடித்தார், பிறகு ஒவ்வொரு பட்டறையாகப் போய் மோட்டாரில் புல்லிச் சக்கரம் மாற்றிக் கொடுத்தார், மூன்றாம் மாதத்திலிருந்து புல்லிக்கே வேலை இல்லாமல் தறிகள் தாமாகவே சத்தத்தின் பின்னால் போகப் பழகிவிட்டன. அவள் ஓடினால் ஓடும், நடந்தால் நடக்கும். நூற்றுப் பதினாறு தறியும் ஒரே நேரத்தில் அடித்து ஒரே நேரத்தில் ஓய்ந்தன. எங்கள் சந்துத் துணியில் ஒரு இழை விட்டுப்போகவில்லை என்று வியாபாரி தேடி வந்தார். நாங்கள் பெருமையில் கொஞ்சம் தலைகால் தெரியாமல்தான் இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையைக் கூட்டிவர வேண்டும், நன்றாக இருந்தாலும் வர வேண்டும், தையல் போட்ட இதயம் பிள்ளையோடு சேர்ந்து வளர்கிறது, வளர வளர அது என்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் மூன்று முறை சொன்னாராம். முதல் தடவை போனார்கள். டாக்டர் குழாயை மார்பில் வைத்து நெற்றியைச் சுருக்கினார், அப்புறம் மிஷினில் பார்த்து எல்லாம் சரி என்று அட்டையில் எழுதினார். இரண்டாவது தடவைக்குக் கலாமணி பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். அன்றைக்குத்தான் மாரப்பன் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"டாக்டரு ஒரு நிமிசம் கேக்கறாரு, சென்னி. நாம ராப்பகலாக் கேக்கறோம். ஆருக்கு நல்லாத் தெரியும்?"

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. மாரப்பன் சொன்னார் என்று இப்போது சொல்லிக்கொள்கிறோமே தவிர, அன்றைக்கு நாங்கள் எல்லாரும்தான் சொன்னோம், ஓடுகிற தறியை யாராவது பிரித்துப் பார்ப்பார்களா என்றும் சொன்னோம். தறிக்காரர்களுக்குச் சத்தம் சரியாக இருந்தால் எல்லாம் சரி. கலாமணி பையிலிருந்த துணியை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். மஞ்சள் அட்டை சாமிப் படத்துக்குப் பின்னால் போனது.

மூன்றாம் வருஷம் சத்தத்தின் வேகம் குறையத் தொடங்கியது. ஒரேயடியாக அல்ல, மாதத்துக்கு ஐந்து ஆறாகக் குறைந்தது, அது குறையக் குறையத் தறிகளும் குறைத்துக்கொண்டன, தறிகளோடு நாங்களும் குறைந்தோம். நடையும் பேச்சும் மெதுவானதும், ஒரு பாவு நூலை நெய்து முடிக்க ஒன்பது நாள் என்பது பதினான்கு நாளானதும் எங்களுக்கு உறைக்கவில்லை. வோல்டேஜ் குறைவு என்று மின்வாரியத்துக்கு மனு எழுதினோம், அந்த மனுவை எழுதவே ஒரு வாரம் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகள் தினமும் பிரேயர் முடிந்துதான் போய்ச் சேர்ந்தார்கள், நாலாம் சந்துக் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து போனால்தான் மாப்பிள்ளை வருவார் என்று மற்ற சந்துக்காரர்கள் கேலி செய்தார்கள், அந்தக் கேலிக்கு நாங்கள் சிரித்து முடிக்கும்போது அவர்கள் வீட்டுக்கே போயிருந்தார்கள். இடையிடையே சத்தம் ஒன்று விட்டும் போனது. அந்த இடத்தில் தறியும் ஒரு அடி நின்று பிறகு அடித்தது, துணியில் அங்கே மெல்லிசாக ஒரு கோடு விழுந்தது. நூல் சரியில்லை என்றோம்.

கனிஷ்காவுக்கு அப்போது எட்டு வயது. படியேறினால் உட்கார்ந்துவிடுவாள். பெரிய பிள்ளையாகிறாள், பதவிசு வந்துவிட்டது என்று மெச்சினோம். ஒருநாள் பழைய ஞாபகத்தில் நடுத்தெருவில் குந்தினாள். பழைய விளையாட்டு என்று நினைத்து எல்லாப் பிள்ளைகளும் ஓடிவந்து குந்தினார்கள், ஓடிவந்தார்கள் என்று சொல்கிறோம், நடந்துதான் வந்தார்கள். நாங்கள் வாசலில் நின்று சிரித்தோம். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் எங்களால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மே மாதம் ஸ்டெல்லா மகளோடு வந்தாள். சென்னையில் ரோஸ்லினுக்கு ஆறு மாதச் செக்கப் முடித்துவிட்டு, கலாமணி அக்காவைப் பார்த்துப் போகலாம் என்று ஈரோட்டில் ரயில் இறங்கி, பையில் கருவாடும் பனங்கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்குச் சந்துக்குள் நுழைந்தாள். நாலு வீடு தாண்டியதும் நின்றுவிட்டாள். கலாமணி வாசலுக்கு வந்து வா ஸ்டெல்லா என்று சொல்லி முடிக்கும்வரை நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

"அக்கா, இது ஏன் இம்புட்டு மெதுவா அடிக்குது?"

எது என்று கேட்டோம். அவள் தரையில் உட்கார்ந்து, இடது கையால் ரோஸ்லினின் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினாள். பிறகு சுவரில் காதை வைத்து ஒரு நிமிடம் எண்ணினாள். ரோஸ்லினுக்குத் தொண்ணூறு. சுவரில் முப்பத்தெட்டு. கடிகாரம் தப்பாக இருக்கும் என்றோம். அவள் எங்கள் கைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள், எங்களுக்கும் நாற்பதைத் தாண்டவில்லை. மாரப்பன் அந்தக் கடிகாரத்தை வாங்கி, மூன்று முறை எண்ணி, கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு தறி மேடையில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருஷமாகச் சத்தத்தைக் கேட்டுச் சோறு சாப்பிடுகிற மனிதர் அவர்.

ஸ்டெல்லா சென்னை டாக்டருக்குப் போன் போட்டாள். சென்னைக்கு வர நேரமில்லை, கோயம்புத்தூரில் இதய ஆஸ்பத்திரி இருக்கிறது, இந்த நிமிடமே கிளம்புங்கள், இதயத்துக்குள் தகவல் போகிற பாதை தையல் பக்கமாக அடைபட்டிருக்கும், துடிக்க வைக்கிற ஒரு சின்னப் பெட்டியை உள்ளே வைத்தால் சரியாகிவிடும் என்றார். பதினொன்றுக்கு ஆம்னி வேன் வந்தது. சென்னியப்பன் முன்னால் ஏறினார், கலாமணி பின் சீட்டில் மகளை மடியில் போட்டுக்கொண்டாள், மஞ்சள் அட்டையைத் தேடி எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். ஸ்டெல்லாவும் ஏறப் போனாள், கலாமணி தடுத்தாள். மடியில் வைத்திருந்தாலும் மகளின் துடிப்பு தனக்குக் கேட்காது, அது கேட்பது இந்தச் சந்தில், சந்தில் எண்ணத் தெரிந்த ஒரே ஆள் நீதான், நீ இங்கேயே இருந்து எனக்குச் சொல்லிக்கொண்டே இரு என்றாள். ஜன்னல் வழியாகக் கனிஷ்கா ரோஸ்லினைப் பார்த்து, "நா வர்ற வரைக்கும் எம்பட சைக்கிள நீயே ஓட்டு" என்றாள்.

ஸ்டெல்லா எல்லாத் தறிகளையும் நிறுத்தச் சொன்னாள். நூற்றுப் பதினாறும் நின்றன. ஆப்பரேஷன் நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமையைப் போலவே எங்கள் சந்தில் அந்தச் சத்தம் மட்டும் இருந்தது. ஸ்டெல்லா சுவரோரம் உட்கார்ந்தாள், ரோஸ்லின் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள், நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். பெருந்துறை தாண்டும்போது போன் வந்தது. கேக்குதா என்றாள் கலாமணி, கேக்குதுக்கா, முப்பத்தாறு என்றாள் ஸ்டெல்லா. விஜயமங்கலத்தில் வந்தது, முப்பத்திரண்டு. பிள்ளை தூங்குகிறாள், கை சில்லென்று இருக்கிறது, ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்றாள் கலாமணி. செங்கப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் ஒன்று விட்டது. அப்புறம் அடித்தது. அப்புறம் இரண்டு விட்டது. அப்புறம் ஒன்று அடித்தது, நாங்கள் அடுத்ததற்காகக் காத்திருந்தோம், ஒரு காகம் தண்ணீர்த் தொட்டியில் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது, அடுத்தது வரவில்லை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. போன் அடித்தது.

"கேக்குதா, ஸ்டெல்லா?"

ஸ்டெல்லா தன் மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். "கேக்குதுக்கா" என்றாள்.

"செவுத்துல வெய்யி. நானும் கேக்கறேன்."

அந்த நேரத்தில் மாரப்பன் ஓடினார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் எங்கள் சந்தில் ஒரு மனிதர் ஓடியதை அன்றுதான் பார்த்தோம். தன் பட்டறைக்குள் போய் சுவிட்சைப் போட்டுத் தறியின் கைப்பிடியைத் தட்டினார். தடக் என்றது. ஸ்டெல்லா போனைச் சுவரில் வைத்தாள். அதைப் பார்த்து நாங்களும் ஓடினோம், ஆணும் பெண்ணும் அவரவர் தறிக்கு, கைப்பிடியைத் தட்டினோம். யார் முந்தி யார் பிந்தி என்று இல்லாமல் நூற்றுப் பதினாறு தறியும் ஒன்றாகச் சேர்ந்து அடித்தன, சுவரும் தரையும் தண்ணீர்த் தொட்டியும் அடித்தன. தறி ஓட்டியபடியே அழுதோம், அழுதபடியே அறுந்த நூலை முடிந்தோம், ஒரு தறிகூட நிற்கக் கூடாது என்று ஒருவரையொருவர் கண்ணாலேயே விரட்டிக்கொண்டோம். ஸ்டெல்லா போனைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் கலாமணியும் வைக்கவில்லை. அவிநாசி, கருமத்தம்பட்டி, கோயம்புத்தூர் என்று ஐம்பது நிமிடம் அந்தப் பிள்ளையின் இதயத்தை நாங்கள் ஓட்டினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் போன் நின்றது. உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால், நாலு மாதம் முன்னால் வந்திருந்தால்கூட, என்று அந்த டாக்டர் ஆரம்பித்து, சென்னியப்பனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். எங்கள் இதயங்கள் மறுநாளே எழுபதுக்குத் திரும்பிவிட்டன, வெட்கமில்லாத இதயங்கள்.

அதற்குப் பிறகு எங்கள் தறிகள் தனித்தனியாக ஓடுகின்றன, ஒன்று அடிக்கும்போது இன்னொன்று ஓய்கிறது, பழைய இரைச்சல் திரும்பிவிட்டது, நாங்கள் மறுபடி கத்திப் பேசுகிறோம். கலாமணி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாகச் சென்னைக்கு ரயிலேறுகிறாள். ஸ்டெல்லாவும் ரோஸ்லினும் மண்டபத்திலிருந்து வந்து சேர, மூன்று பேருமாக டோக்கன் வாங்கி உட்கார்கிறார்கள். ரோஸ்லினின் மஞ்சள் அட்டை இப்போது மூன்றாவது அட்டை. அவள் நாடியை எண்ணிப் பார்த்து அந்த எண்ணைக் கலாமணி எங்களுக்குப் போனில் சொல்கிறாள், நாங்கள் அதைப் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கிறோம்.

அன்றைய போனைப் பற்றி ஒன்றரை வருஷம் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு சாயங்காலம் மாரப்பன்தான் கலாமணியின் வாசலில் போய் நின்றார். பொய் சொல்லிவிட்டோம், உன்னை ஏமாற்றிவிட்டோம், மன்னித்துவிடு அம்மிணி என்றார். கலாமணி முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்க நல்லா ஓட்டிட்டீங்கண்ணா. கடைசில எம்புள்ளைக்கு அப்பிடி அடிக்காது, மெதுவா, நடுவுல ஒண்ணு ரெண்டு விட்டு விட்டுத்தான் அடிக்கும். அன்னைக்குப் போன்ல ஒண்ணுகூட விடாம, ஆப்பரேசன் முடிஞ்சு வந்தப்ப அடிச்ச மாதிரி அடிச்சுது. கேட்டதுமே தெரிஞ்சு போச்சு, எம்புள்ள இல்லைன்னு."

மாரப்பன் படியில் உட்கார்ந்தார். பிறகு ஏன் அம்மிணி அத்தனை நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாய் என்று கேட்டார்.

"அவ நல்லா இருந்தப்ப அடிச்ச சத்தமுங்கண்ணா அது" என்றாள் கலாமணி. "அதப் போயி எப்பிடிங்க நான் நிறுத்துவேன்?"